செவ்வாய் மண்ணில் இரு வாரம்

என் சாதகத்திற் செவ்வாய் எட்டாம் இடத்தில் இருக்கின்றது. யாழ்ப்பாணத்திற் பிறந்த பெண்ணொருத்திக்குச் செவ்வாய் அவ்விடத்தில் அமைந்துவிட்டால் அவளைப் பெற்றவர்கள் எத்தனை வாசற்படி ஏறி இறங்க வேண்டும் என்பதை வாசகர்களுக்கு நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. என் தாயார் ஏறி இறங்கியவர். ஆகவே, செவ்வாய்க் கிரகத்துக்குச் செல்லும் மனிதர் எவ்வாறு வாழ்வர் என்பதை ஒத்திகை பார்க்கும் நிலையம் ஒன்றுக்கு இரு வாரம் போய்வரப் போகிறேன் என்று நான் கூறியபோது, அவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார்.

"செவ்வாய் உன்னைத் தேடி வந்தது காணாதெண்டு, இப்ப நீ அதைத் தேடிப் போறியோ பிள்ளை?" என்றார்.

நான் கனடாவில் வாழும் ஒரு மின்பொறியியலாளர். ஒத்திகைக் குழு ஒன்றிற் பொறியியலாளருக்குரிய இடத்துக்கு விண்ணப்பித்திருந்தேன், இடம் கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதத்தில், அமெரிக்காவின் யூற்றா மாநிலத்துப் பாலைநிலத்துக்குப் புறப்பட்டேன். அங்கே கண்டவற்றையும், அங்கே நான் செய்த ஒரு பிழையையும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம். பிழையைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் வீட்டைச் சொல்ல வேண்டும்.

ஹாங்ஸ்வில் என்னும் மிகச் சிறிய ஊரிலிருந்து ஏறக்குறைய 7 மைல் தொலைவில் அந்த நிலையம் இருக்கின்றது. ரொபேட் சுப்ரின் என்னும் பொறியியலாளர் முன்னின்று 1998 ஆம் ஆண்டில் தொடக்கிய செவ்வாய்ச் சங்கம் 2001 இல் அதனை நிறுவியது. 2002 இன் தொடக்கத்தில் முதற் குழு அங்கே குடிபுகுந்தது. அன்று தொட்டு ஆண்டுதோறும், கோடை வெயில் கொளுத்தும் மாதங்கள் நீங்கலாக, ஆறேழு பேர் கொண்ட குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து, பெரும்பாலும் இரு வாரம் தங்கிச் செல்கின்றன.

இத்தகைய ஒத்திகைகள் வேறிடங்களிலும் நடந்துள்ளன. மொஸ்கோவில் ஆறு ஆடவர் 2010 ஆம் ஆண்டு ஜூன் முதல் 2011 நவம்பர் வரை 520 நாட்கள் ஒரு மூடிய கூடத்தில் வாழ்ந்தனர். ஹியூஸ்டனில் நால்வர் 2023 ஜூன் முதல் 2024 ஜூலை வரை 378 நாட்கள் அவ்வாறே இருந்தனர். அவற்றின் முன் எங்கள் இரு வாரம் ஒரு கண்சிமிட்டல். எனினும் ஒரு குடும்பத்தின் குணத்தை அறிய இரு வாரம் போதும் என்பதை, உறவினர் வீட்டிற் தங்கிய எவரும் ஒப்புக்கொள்வர்.

வீடு இரண்டு மாடிகொண்ட ஓர் உருளை. அதன் விட்டம் ஏறக்குறைய 8 மீற்றர். கீழ்மாடியில் கவச உடைகளை மாட்டும் அறை, வெளியே செல்வதற்கு முன் நிற்க வேண்டிய காற்றறை, குளியலறை, மலசலகூடம். மேல்மாடியிற் சமையலிடம், ஒரு மேசை, சுற்றிவர ஆறு படுக்கையறைகள். அறை என்பது மரியாதைக்குச் சொல்லும் சொல். ஒருவர் படுக்கலாம், எழுந்து நிற்கலாம், இரண்டையும் ஒரே வேளையில் நினைத்தல் இயலாது. வீட்டிலிருந்து மூடுபாதைகள் வழியாகப் பயிர்க்கூடத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் போகலாம். பழைய ஹெலிகொப்டர் ஒன்றின் உடற்கூட்டைக் கொண்டு அமைத்த பட்டறையும் அங்கே உண்டு. என் பொழுதிற் பாதி அதற்குள் கழிந்தது.

எங்கள் குழுவில் அறுவர். அமெரிக்கப் பெண்மணி ஒருவர் தலைவி. போலந்து நாட்டவரான புவிச்சரிதவியலார் ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர். பயிர்க்கூடத்தைக் காத்தவள் பிரெஞ்சு மாணவி, இருபத்திரண்டு வயதினள். மருத்துவர் ஒருவரும் வானியல் பயின்ற இளைஞர் ஒருவரும் எஞ்சியோர். நான் மின்சாரத்துக்கும் நீருக்கும் பொறுப்பாளி.

காலை ஏழு மணிக்குத் தலைவி தேநீர் வைப்பார். நீராவியின் ஓசையே எங்களுக்குச் சேவற் கூவல். நான் முதலிற் பார்ப்பது வானத்தை அன்று, நீர்த்தொட்டியின் அளவுகோலை. நீர் அங்கே பொன்னினும் அரிது. மூன்று நாளுக்கு ஒரு முறை குளிப்பு. அதுவும் உடம்பை நனைத்து, குழாயை மூடி, சவர்க்காரம் பூசி, மீண்டும் ஒரு நிமிடம் திறந்து முடித்துவிடும் குளிப்பு. அனைத்துலக விண்வெளி நிலையத்தில் நீரின் 98 சதவீதத்தை மீட்டெடுத்துவிட்டதாக 2023 ஆம் ஆண்டில் நாசா அறிவித்தது. சிறுநீரும் வியர்வையும் அங்கே மறுபடி குடிநீராகின்றன. எங்களிடம் அந்தப் பொறி இல்லை. ஆனால் அதன் அருமை எங்களுக்குப் புரிந்தது. உணவுத் தட்டைக் கழுவுமுன் பாண் துண்டினாற் துடைத்து உண்டுவிடுவோம். என் பாட்டனார் இருந்திருந்தால் இதிற் புதுமை என்ன என்று கேட்டிருப்பார்.

உணவெல்லாம் உலர்ந்தவை. போஞ்சி, கரட், வெங்காயம், இறைச்சி ஆகிய யாவும் நீர் வற்றிய சருகுகளாய்த் தகரங்களில் இருந்தன. பால்மா, முட்டைத்தூள், அரிசி, மா, பருப்பு ஆகியனவும் இருந்தன. நீர் ஊற்றி ஊறவைத்தால் அவற்றுக்குப் பழைய உருவம் வரும். பழைய சுவை முழுவதும் வராது. நான்காம் நாள் நான் பருப்புக் கறி வைத்தேன். தாயார் என் பெட்டியில் ஒளித்துவைத்திருந்த மிளகாய்த்தூள் அன்றுதான் வெளிப்பட்டது. போலந்து நாட்டவர் மூன்று முறை வாங்கி உண்டு, கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "இது பூமியை நினைவூட்டுகின்றது" என்றார். பயிர்க்கூடத்தில் மாணவி வளர்த்த சலாது இலைகளை இரண்டு நாளைக்கொரு முறை ஆளுக்கு மூன்று இலை வீதம் பங்கிட்டோம். பசிய இலை ஒன்று பல்லிடை முறியும் ஓசையைக் கேட்க ஆறு பேரும் பேச்சை நிறுத்தினோம்.

மாலையிற் குறித்த நேரத்தில் அன்றைய அறிக்கைகளை அனுப்ப வேண்டும். தலைவியின் அறிக்கை, பயிர்க்கூட அறிக்கை, வெளிப்பயண அறிக்கை, நிலையத்தின் இயக்கம் பற்றிய என் அறிக்கை எனப் பல. உண்மையான செவ்வாயோடு தொலைபேசிப் பேச்சு இயலாது. அக்கிரகம் பூமிக்கு மிக அண்மையில் வரும்போது ஏறக்குறைய ஐந்தரைக் கோடி கிலோமீற்றர் தொலைவில் இருக்கும். மிகத் தூரம் போகும்போது நாற்பது கோடி. ஒளியின் வேகத்திற் செல்லும் செய்தியே போய்ச்சேர மூன்று நிமிடம் முதல் இருபத்திரண்டு நிமிடம் வரை எடுக்கும். "தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது, என்ன செய்வது?" என்று கேட்டால், மறுமொழி வருமுன் வீடு குளமாகிவிடும். ஆகவே நாங்களும் எழுதி அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். எழுதுவதே பேச்சானபோது, ஒவ்வொரு சொல்லுக்கும் நிறை கூடியது.

இனி வெளியே போவதைச் சொல்கிறேன். கவச உடை மாட்டாமல் வாசலைத் தாண்டக்கூடாது என்பதே அவ்வீட்டின் முதற் கட்டுப்பாடு. செவ்வாயின் காற்று நம் காற்றின் அமுக்கத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாதது; உயிர்க்காற்றும் அதில் இல்லையெனலாம். ஆகவே நாங்களும் காற்றில்லாத இடத்துக்குப் போகின்றவர்கள் போலவே போவோம். தலையைக் கண்ணாடி போன்ற கவசம் மூடியிருக்கும். முதுகிற் சுமக்கும் பெட்டியிலுள்ள மின்விசிறி வெளிக்காற்றை இழுத்துக் குழாய் வழியே கவசத்துள் செலுத்தும். உடை மாட்டி முடிந்ததும் காற்றறையில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். அமுக்கம் குறைவதாகப் பாவனை. கதவின் அப்பக்கத்தில் நல்ல காற்று வீசிக்கொண்டிருக்கும். இப்பக்கத்தில் மூன்று பேர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் நாள் வரவில்லை. பாவனை என்பது அப்படித்தான். பூசையறையிற் கண்மூடி நிற்பவருக்கும் மேடையில் அரசனாய் நிற்பவருக்கும் அது தெரியும்.

வெளியே விரிந்த நிலத்தைக் கண்டவர், ஏன் இவ்விடத்தைத் தேர்ந்தார்கள் என்று கேட்கமாட்டார். சிவப்பும் வெண்மையும் சாம்பலும் ஊதாவும் வரிவரியாய்ப் படிந்த குன்றுகள். ஒரு மரம் இல்லை. ஏறக்குறைய பதினைந்து கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே ஆறுகள் ஓடின, டைனோசர்கள் உலாவின. அவ்வாறுகளும் சதுப்புகளும் விட்டுச்சென்ற சேறே இந்தக் குன்றுகள். மண்ணிலுள்ள இரும்பு துருவேறியதாற் சிவந்தது; செவ்வாய் சிவந்ததும் அதே காரணத்தால். காய்ந்த நாளில் அக்களிமண் சோளப்பொரி போல் வெடித்துக் காலடியில் நொறுங்கும். மழை பெய்தாலோ வீங்கி, வழுக்கி, வண்டிச் சில்லுகளை விடாது பற்றிக்கொள்ளும். புவிச்சரிதவியலார் ஒரு கல்லை எடுத்து, கையுறையின் மேல் வைத்து, அது ஒரு காலத்தில் மரமாயிருந்தது என்று காட்டினார். கவசத்துக்குள்ளிருந்து அதனைப் பார்க்கலாம்; தொட்டறிய இயலாது. மணக்கவும் இயலாது. உலகத்தைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்துப் பார்ப்பவருக்கு அது படமாகிவிடுகின்றது.

இப்பொழுது என் பிழை.

எட்டாம் நாளும் அதற்கு முந்திய நாளும் வானம் மூடிக்கிடந்தது. எங்கள் மின்சாரம் பெரும்பாலும் சூரியத் தகடுகளிலிருந்து பெற்று மின்கலங்களிற் சேமிப்பது. ஆகவே தேவையற்ற விளக்குகளை நானே அணைத்துக்கொண்டு திரிந்தேன். இரவில் முதுகுப் பெட்டிகள் யாவற்றுக்கும் மின்னேற்றுவதும் என் வேலையே. அன்றிரவு என் கணினியின் பற்றரி தீர்ந்திருந்தது. மகளுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு பெட்டியின் செருகியைப் பிடுங்கி, அவ்விடத்திற் கணினியைச் செருகினேன். கடிதம் முடிந்ததும் மாற்றிவிடலாம் என்பது எண்ணம். கடிதம் முடிந்தது, எண்ணம் மறந்தது. மறுநாட் காலை பெட்டிகளைச் சோதித்து, பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி என்று குறியிட்டேன். மின்விசிறி ஓடியது, அவ்வளவையே பார்த்தேன். எவ்வளவு மின் எஞ்சியிருக்கின்றது என்பதைப் பார்க்கவில்லை.

அந்தப் பெட்டி மாணவியின் முதுகில் ஏறியது. புவிச்சரிதவியலாரும் அவளும் நானும் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, குன்றொன்றின் மேல் நடந்தோம். ஒரு மணி நேரத்துக்குமேற் சென்றிருக்கும். அவள் குரல் வானொலியிற் கேட்டது. "என் விசிறி நின்றுவிட்டது" என்றாள்.

விசிறி நின்றால் அக்கணமே கவசத்தைக் கழற்ற வேண்டும். ஒத்திகை எதுவாயினும் உயிர் முதலாவது என்பதை முதல் நாளே எங்களுக்கு ஓதியிருந்தார்கள். நான் அதை அறிவேன். ஆனால் அவள் தொடர்ந்து, "வண்டி கிட்டத்தான் இருக்கின்றது, நான் சமாளிப்பேன்" என்றாள். எட்டு நாளாக ஒரு முறையேனும் நாங்கள் பாவனையைக் குலைக்கவில்லை. அந்தப் பெருமை அறுவருக்கும் இருந்தது. நானும், "மெதுவாக நட, பேசாமல் வா" என்றேன்.

வாசகர்களே, அந்தச் சொற்களை நான் சொன்னேன். சொல்லும்போதே அந்தச் செருகி என் நினைவில் வந்துவிட்டது என்பதையும் இங்கே மறைக்கப் போவதில்லை. கவசத்தைக் கழற்றினால் அன்று மாலை அறிக்கையில் எழுத வேண்டும். எழுதினால் ஏன் என்று கேட்பார்கள். வண்டி வரையிற் போய்விட்டால் கேள்வி சிறியதாகும். இவ்வளவையும் என் மனம் ஒரு கணத்திற் கணக்கிட்டுவிட்டது.

சில நிமிடம் நடந்தோம். அவளுடைய கவசத்தின் உட்புறம் வெண்மையாய் மூடுபனி படர்ந்தது. முகம் மறைந்தது. அவள் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பதைவிட மடிந்தாள் என்பதே பொருந்தும். மூச்சு இரைவது வானொலியிற் கேட்டது. நான் அவளை நோக்கி இரண்டடி வைத்தேன். அதற்குள், முன்னே போய்க்கொண்டிருந்த புவிச்சரிதவியலார் திரும்பி ஓடிவந்து, ஒரு சொல்லும் பேசாது, அவளுடைய கவசத்தின் பூட்டைத் திறந்து கழற்றிவிட்டார். பிறகு தம்முடையதையும் கழற்றிக் கீழே வைத்தார்.

அவள் முகம் சிவந்து வியர்த்திருந்தது. நீண்ட மூச்சு இரண்டு எடுத்தாள். குளிர்காற்று அவள் நெற்றி மயிரை அசைத்தது. சுற்றிலும், குன்று முழுவதும், வானம் முழுவதும், காற்று. நான் மட்டும் கவசத்துக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

மருத்துவர் அவளைச் சோதித்து, கேடில்லை என்றார். மாலையில் நான் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். "வெளிப்பயணத்தின்போது ஒரு மின்விசிறி நின்றுபோயிற்று" என்று எழுதினேன். அதிற் பொய் ஒரு சொல்லும் இல்லை. தலைவி என் தோளின் பின்னின்று அதனைப் படித்தார். அவர் கடிந்து பேசவில்லை. என் எதிரே வந்து அமர்ந்து, இவ்வாறு கூறினார்: "விசிறி நின்றது என்று நீங்கள் எழுதினால், அடுத்து வருபவர் விசிறியைக் கழற்றிப் பார்ப்பார். செருகியைப் பிடுங்கினேன், மீண்டும் செருக மறந்தேன் என்று எழுதினால், அவர் செருகியைப் பார்ப்பார். இவற்றுள் எது ஒருவரைக் காப்பாற்றும்?"

நான் முழுவதையும் எழுதினேன். செருகியை எழுதினேன், பட்டியலைப் பாராது குறியிட்டதை எழுதினேன், "மெதுவாக நட" என்று சொன்னதையும் எழுதினேன். அந்தக் கடைசி வரியை எழுத எனக்கு அரைமணி நேரம் சென்றது. அனுப்பிவிட்டு, மேசைக்கு வந்து, ஐந்து பேருக்கும் அதனை வாய்விட்டுச் சொன்னேன். மாணவி உலர்ந்த உருளைக்கிழங்கை ஊறவைத்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நானும் கழற்றியிருக்கலாம். என் கைகள் கட்டப்பட்டிருக்கவில்லையே" என்றாள். என் குற்றத்திற் பாதியை அவ்விளம்பெண் தானாகவே எடுத்துக்கொண்டது எனக்குத் தண்டனையாகவே இருந்தது.

மறுநாள் முதல் ஒரு புது வழக்கம் ஏற்பட்டது. பெட்டிக்கு மின்னேற்றுபவர் ஒருவர். காலையிற் சோதித்துக் குறியிடுபவர் இன்னொருவர். பொறுப்பாளியே தம் வேலைக்குத் தாமே சரி போட்டுக்கொள்ளக்கூடாது. உலகமெங்கும் விமானம் பழுதுபார்ப்போரும் மருந்து கலப்போரும் கைக்கொள்ளும் சிறு விதிதான் அது. எனக்கு அது புத்தகத்திற் தெரிந்திருந்தது. அன்றுதான் கையிற் தெரிந்தது.

இத்தகைய ஒத்திகைகளை ஏளனம் செய்வோர் உண்டு. பூமியின் ஈர்ப்பும் பூமியின் காற்றும் உள்ள இடத்திற் செவ்வாயை எவ்வாறு அறிவீர் என்று கேட்பர். கேள்வி நியாயமானதே. செவ்வாயில் நம் நிறை நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்காய்க் குறையும். அதை யூற்றாவிற் காண இயலாது. அங்கு ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் 35 விநாடி. அதை வேண்டுமாயின் கடிகாரத்தைத் திருத்திக் காணலாம். ஆயின், களைத்த மனிதர் எப்பொழுது மறப்பர், எப்பொழுது மறைப்பர், எப்பொழுது விதியைப் பற்றிக்கொண்டு அதன் காரணத்தைக் கைவிடுவர் என்பவற்றை எந்தக் கிரகத்திலும் காணலாம். பூமியிற் கண்டுகொண்டாற் செலவு குறைவு. 1965 ஆம் ஆண்டு ஜூலையில் மரினர் 4 என்னும் கலம் செவ்வாயை அண்மையிற் படமெடுத்து அனுப்பியதிலிருந்து, அக்கிரகத்தின் கல்லையும் மண்ணையும்பற்றி நாம் நிறையக் கற்றுவிட்டோம். அங்கே போகப்போகும் மனிதரைப்பற்றிக் கற்பதற்குக் கலங்கள் உதவா.

பதினான்காம் நாட் காலை, அடுத்த குழுவின் வண்டி தொலைவிற் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. காற்றறைக் கதவை ஐந்து நிமிடம் காத்திராமற் திறந்தோம். என் முகத்திற் காற்றுப் பட்டது. முதன்முறையாக அந்த மண்ணை வெறுங்கையால் அள்ளினேன். அது குளிர்ந்திருந்தது, மாவைப்போல் மென்மையாயிருந்தது. மாணவி என்னைப் பார்த்துச் சிரித்து, வேண்டுமென்றே ஒரு பெருமூச்சு விட்டுக் காட்டினாள்.

வீடு திரும்பியதும் தாயார் முதலிற் கேட்டது மிளகாய்த்தூளைப்பற்றி. இரண்டாவதாக, அங்கே என்ன நடந்தது என்று கேட்டார். நான் ஒன்றும் ஒளிக்காமற் சொன்னேன். கேட்டுவிட்டு, "காத்து இருக்கேக்கை மூச்சைப் பிடிச்சுக்கொண்டிருக்கிற விசர் எங்கையும் உண்டோ பிள்ளை?" என்றார்.

உண்டு என்றே எனக்குத் தோன்றியது. என் சாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனையோ வீடுகளில் தலைகுனிந்து நின்றவர் அவர். அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். ஏனெனில், சிறிது நேரம் கழித்து, எழுந்துபோய், மூடியிருந்த யன்னலைத் திறந்துவிட்டார்.